சூடில்லாத சுருட்டு

சங்கரசுப்பு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும்தான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவார். மற்ற நாளெல்லாம் பஞ்சு மண்டிக்காகத் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அலைந்து, பருத்தியைக் கிள்ளி இழுத்துப் பார்த்து விலை மதிப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம். ஞாயிறு வந்தால் பின்முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் வைத்து விரலால் உருட்டிப் பார்ப்பார். சரசரவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மனைவியைக் கூப்பிடுவார்.

கல்யாணமான புதிதில் தங்கத்தாய் அந்த நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவள். ஆனால் அவர் புகையை விட்டுவிட்டுச் சொல்கிற சொற்களைக் கேட்க ஆரம்பித்த பிறகு, அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. தன்னிடம் இவ்வளவு பேசக்கூடியவர்தான் இவர் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திண்டுக்கல் சுருட்டைப் பற்றி, அது மிளகு கூடிப்போன ரசம் மாதிரி நேரே தொண்டையில் போய் அடிக்கும் என்பார். அடித்த பிறகு ஒரு சொக்கு உண்டு, அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம். உறையூர்ச் சுருட்டைப் பழமும் வெல்லமும் காய்ச்சிய பாணியில் ஊறப்போடுவதால் உதட்டில் பட்டதுமே பழ வாசமும் இனிப்பும் வரும். பாதிக்கு மேல் ஈரச்சாக்கு நாற்றம்தான். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒருவர் கொடுத்தது கட்டைவிரல் பருமன்; அவித்த பனங்கிழங்கின் மணம், பொறி விழுந்து வேட்டியெல்லாம் பொத்தல். மண்டிக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருமுறை தகரக் குழாயில் போட்ட ஹவானாச் சுருட்டு ஒன்று கொடுத்தான். அதை அவர் வெகுநேரம் குடித்தார்.

"மரியாதைக்காரச் சுருட்டுட்டி. விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியல, ஒட்டவும் மாட்டேங்குது" என்றார். தங்கத்தாய் அன்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு தை மாதம் அவர் நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. காரம் பட்டால் எரிகிறது என்றார். தங்கத்தாய்க்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வாய்ப்புண் என்றால் உடம்புச் சூடு. சூட்டுக்குக் குளிர்ச்சி. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். காலையில் வெந்தயம், இரவில் மோர். சுருட்டைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர் அதையும் சூட்டுக் கணக்கிலேயே யோசித்தார். எல்லாச் சுருட்டும் சூடு இல்லை, திண்டுக்கல்தான் கடுஞ்சூடு, குளிர்ச்சியான சுருட்டும் உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் புண் தானே ஆறும் என்றார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் சுவாரசியமாகிவிட்டன. எது சூடு, எது குளிர்ச்சி என்று இருவரும் ஆராய்ச்சி செய்தார்கள். கொழும்புக்குப் போய்வருகிற தாவூது, அவருடைய சிறுவயதுச் சிநேகிதர், யாழ்ப்பாணச் சுருட்டுக் கட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

"இது இளநி மாதிரி வே. ராத்திரியே ஆறிப்போகும் பாரும்."

அதில் அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகின் வாசம் இருந்தது. எரிச்சல் குறைந்திருக்கிறது என்று சங்கரசுப்பு சொன்னார். அன்று தங்கத்தாய் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். கோடை முழுவதும் அந்தச் சுருட்டையே குடித்தார்.

எரிச்சல் குறைந்தது புண் ஆறியதால் அல்ல, நாக்கு மரத்துக்கொண்டு வந்ததால். ஆடி பிறந்தபோது சாம்பாரில் உப்பு இல்லாததை அவர் கவனிக்கவில்லை. சுருட்டைப் பற்றிச் சொல்லும்போது, போன வாரம் சொன்ன அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார். அவர் நினைவிலிருந்து சொல்கிறார் என்று தங்கத்தாய்க்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி தெரிந்ததும் உள்ளூர் டாக்டர், ஒரு நாளும் தாமதிக்காமல் மதுரைக்குப் போகச் சொன்னார்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். எப்போதிருந்து என்று கேட்டார். தங்கத்தாய் கீரையிலிருந்து யாழ்ப்பாணச் சுருட்டு வரை எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. அறுத்து எடுக்கிற கட்டத்தை இது தாண்டிவிட்டது என்று மட்டும் இங்கிலீஷில் அந்த இன்னொரு டாக்டரிடம் சொன்னார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டு அவர் கை கழுவிய விதம் தெரிந்தது. வலிக்கு மருந்து எழுதிக்கொடுத்தார்.

தங்கத்தாய் கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள்.

"ஐயா, சுருட்டு குடிக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை கண்டிச்சுச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாவ."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"பிரியப்பட்டதைக் குடிக்கட்டும்மா. தடுக்காதீங்க" என்றார்.

அவள் இன்னொரு முறை கேட்டாள். ஒன்றுக்கும் பத்தியம் கிடையாதா, எண்ணெய், புளி, காரம், எதுவுமே கூடாது என்று சொல்ல மாட்டீர்களா என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தார். பத்தியம் சொல்லாத வைத்தியரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வெளியே வந்து, டாக்டர் சுருட்டு குடிக்கலாம் என்கிறார் என்று சொன்னாள். சொல்லும்போது குரல் சரியாகவே இருந்தது. சங்கரசுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியாட்டி. நான்தான் சொன்னேம்லா, சுருட்டுல ஒண்ணுமில்லன்னு" என்றார். நாக்கு தடித்திருந்ததால் வார்த்தைகள் குழறின.

ரயிலடிக்குப் போகிற வழியில் பெரிய சுருட்டுக் கடை ஒன்று இருந்தது. அவர் உள்ளே நுழைந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கச் சொன்னார், முகர்ந்தார், காதோரம் உருட்டினார். இது நிழலில் காய்ந்த இலை, இது வெயிலில் போட்டது என்று கடைக்காரரிடம் வாதாடினார். தங்கத்தாய் வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்தாள். இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிய வேண்டாம், ஊர் போய்ச் சேரும்வரை இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவர் திரும்பினார். கடைக்காரர் கட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். தங்கத்தாயும் உள்ளே வந்து, அடுத்த ஞாயிறுக்கும் அதற்கடுத்த ஞாயிறுக்கும் வேண்டாமா, கட்டாகவே வாங்குங்கள் என்றாள்.

"எதுக்குட்டி கட்டா?" என்றார் அவர் மெதுவாக. "இந்த ஒண்ணு போதும்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டால் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று முன்னால் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள்.