மூடியில் வைத்த பொட்டு

கந்தப்பனைப் படகில் கிடத்திவிட்டு, அவன் தம்பி அருணகிரி எஞ்சின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினான். கந்தப்பன் காலில் நல்லபாம்பு தீண்டிய இடத்துக்கு மேலே அவன் பெண்டாட்டி பொன்னாயி தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரி அணைத்தண்ணீருக்கு அக்கரையில் இருந்தது.

"பரிசல் நிக்குதுங்க. இப்பத் துடுப்புப் போட்டா ஒரு மணி நேரத்துல சேந்தரலாம்," என்றார் கரையில் நின்ற பரிசல்காரர் பச்சமுத்து.

"எதுக்குங்க? எஞ்சின் கால் மணியில கொண்டுபோயிரும்," என்றான் கந்தப்பன்.

துரை வந்தால் மட்டும் ஓடுகிற எஞ்சின் அது. மற்ற நாளெல்லாம் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும். அமாவாசைக்கு அமாவாசை ஓட்டிப் பார்த்து, மிச்சப் பெட்ரோலைச் சொட்டில்லாமல் வடித்து, எண்ணெய் தடவி மூடுவது கந்தப்பன் வேலை. உலகச் சண்டை வந்து பெட்ரோலை அளந்து கொடுக்க ஆரம்பித்ததும் அமாவாசை ஓட்டமும் நின்றது. நாளை துரை வருகிறார் என்று இன்று எடுத்துப் படகில் மாட்டினான், பெட்ரோல் ஊற்றினான். கழற்றிப் போட்ட சாக்கை மடிக்கப்போனபோதுதான் அதனடியில் கிடந்த பாம்பு போட்டுவிட்டது.

பொன்னாயி ஆயுத பூசையிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அன்று அவன் காய்ச்சலில் கிடந்தான். "நீயே கழுவிப் பொட்டு வெச்சிரு புள்ள," என்றான். சாமி காரியத்தில் குறை வைப்பானேன் என்று அவளும் பெட்ரோல் ஊற்றும் வாயைத் திறந்து, குடத்தை அலசுவது போல உள்ளேயும் தண்ணீர் விட்டு அலசி, மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் பார்த்தவன் பூரித்துப்போனான். "சாமியாட்ட இருக்குது. உள்ளுக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி போச்சு, செத்துரும் பாத்துக்க."

சொல்லி அவன் வேலை போய்விட்டால்? கம்மென்று இருந்துவிட்டாள்.

இப்போது சொன்னால்கூடப் பரிசலில் ஏற்றிவிடலாம். "ஏனுங்க..." என்று வாயெடுத்தாள். அதற்குள் எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. அப்பாடா! மூன்று வாரத்தில் காய்ந்திருக்கும். மாரியாத்தாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நடுத்தண்ணீரில் காற்று வீசியது. படகு ஆடியது. எஞ்சின் இரண்டு முறை கமறிவிட்டு நின்றது.

அருணகிரி உள்ளங்கை உரிய உரியக் கயிற்றை இழுத்தான். பொன்னாயி இருந்த ஒரே துடுப்பைப் போட்டாள். கந்தப்பனுக்கு இமை தானாகச் சரிந்தது, பேச்சு குழறியது.

"அடியில திருகாணி இருக்குது. தளத்திக் கையில புடிச்சுப் பாரு."

அருணகிரி பிடித்தான். பெட்ரோல் சில்லென்று ஆவியாகிப் போக, உள்ளங்கைக் குழியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் நின்றது.

"அண்ணா, தண்ணி! யாருண்ணா மூடியத் தொறந்தது?"

கந்தப்பன் இமையை விரலால் தூக்கிப் பொன்னாயியைப் பார்த்தான். அவள் துடுப்பு நின்றுபோயிற்று. இதோ கேட்கப்போகிறான். புருசன் சாகக் கிடக்கிறான், அவளோ அவன் கேட்டுவிடுவானே என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். தூ, என்ன பிறவி என்று தன்னையே நொந்துகொண்டாள். நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"நாந்தாண்டா," என்றான் அவன். "மழைக்கு முந்தி மூடியச் சரியாத் திருகாம உட்டுட்டேன். நீ துடுப்புப் போடு புள்ள."

போட்டாள். தண்ணீரை வடித்துவிட்டு அருணகிரி மறுபடி இழுத்துப் பார்த்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. அக்கரை மரங்கள் தெரிந்தபோது அருணகிரி அவளிடமிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டான். அவள் கந்தப்பன் கையை எடுத்து மடியில் வைத்தாள். கைக்குக் கனம் வந்துவிட்டிருந்தது.

மறுநாள் பிரேதத்தை வாசலில் போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்த துரையிடம் அருணகிரி, "அண்ணந்தானுங்க மூடியச் சரியாத் திருகலையாமா," என்றான்.

"தன் கையாலயே தேடிக்கிட்டானே பாவி," என்று ஒருத்தி பிலாக்கணத்துக்கு நடுவே சொன்னாள். பொன்னாயி வாயைத் திறந்தாள். "அழுவு சாமி, அழுதுரு," என்று யாரோ அவள் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டார்கள்.

பொட்டழிக்கக் கூப்பிடும் முன் அவள் எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். அருணகிரி வடித்துக் காயவைத்த எஞ்சின் வெயிலில் இருந்தது. பக்கத்தில் மூடி. சந்தனம் வெடித்திருந்தது, குங்குமம் அப்படியே இருந்தது. எடுத்துப் பொருத்தித் திருகினாள். இறுகிய பிறகும் திருகினாள். கட்டைவிரலில் குங்குமம் ஒட்டியது.

"நேரமாச்சு, வா பொன்னாயி," என்று நாத்தனார் முத்தாயம்மாள் கூப்பிட்டாள்.

"வாரேனுங்க," என்றவள், இன்னும் ஒருமுறை திருகிப் பார்த்தாள்.