இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை

"அட, நீ ஈகிளா!" என்று யாராவது கை குலுக்கினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். அமெரிக்கச் சாரணர் படையில் ஈகிள் பட்டத்துக்கு மேல் பட்டம் கிடையாது. அதை வாங்க, ஊருக்கு உபயோகமான ஒரு வேலையை நாமே முன்னின்று முடிக்க வேண்டும், அதுவும் பதினெட்டு வயது ஆவதற்குள். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு.

நான் ஓடைக்குக் குறுக்கே நடைபாலம் கட்டினேன். என் நண்பன் லைல், சர்ச்சின் பின்வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதாக இருந்தான். ஆனால் சனிக்கிழமை தவறாமல் அவன் அப்பாவின் டிரக்கோடு என் பாலத்துக்குத்தான் வந்து நின்றான்.

அக்டோபரில் ஒருநாள் சொன்னான்: "நோலன், அடுத்த வாரமாவது என் வேலையை ஆரம்பிக்கணும்டா."

"இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைடா. கைப்பிடி மட்டும்தான் பாக்கி."

"இதையே நாலு வாரமா சொல்றே, திருட்டுப் பயலே!" என்று சிரித்தான். ஆனாலும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான்.

நவம்பர் ஒன்பது அவன் பிறந்தநாள். எனக்குத் தெரியாதா? ஆறு வயதிலிருந்து அவன் வீட்டு கேக்கைத் தின்றவன் நான். அந்த வருடமும் போனேன். பதினெட்டு மெழுகுவர்த்திகளையும் ஒரே மூச்சில் ஊதிவிட்டு, "சரி, முடிஞ்சுபோச்சு" என்றான் லைல்.

அவன் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே கேக்கை வெட்டினாள். பெரிய துண்டை என் தட்டில்தான் வைத்தாள்.

நான் அதைத் தின்றேன்.