காது வைத்த டேப்

என் லேப்டாப் சரியாக இருபதாவது நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும். என் இறுதியாண்டு புராஜெக்ட் ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகும். மறுநாள் காலை பத்து மணிக்கு அதைத் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம் அதே பெஞ்சு. ஆகவே குற்றவாளியைப் பிடிப்பது அவசரமாயிற்று.

முதல் சந்தேகம் அக்கா மேல். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் வீடு அமைதியாகிவிடுகிறது. அக்கா இருக்கும் வீட்டில் அமைதி தானாக வராது. லேப்டாப் மூடியின் மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு முடி இருந்தது.

"உன் தலைல கொட்டறதுக்கு நான் பொறுப்பில்ல," என்றாள். "சீரியல் பார்க்க எனக்குப் போன் இருக்கு."

"சீரியல்னு நான் சொல்லவே இல்லையே."

"போடா போலீஸு."

வழக்கை நிலுவையில் வைத்துவிட்டு, லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் கூலிங் பேடு வாங்கப் போனேன். ரிப்பேர் கடை அண்ணனிடம், ஐந்து ஃபேனும் நீல விளக்கும் கொண்ட பேடைக் காட்டச் சொன்னேன்.

"லைட்டு குளிர வைக்காது தம்பி."

"அப்ப அந்த ரெண்டு ஃபேன்?"

"அதுவும் இப்ப வேணாம்."

விற்க மாட்டேன் என்கிற கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. என் லேப்டாப்பையே அடிமாட்டு விலைக்கு அமுக்கத் திட்டம் போடுகிறார் என்று புரிந்தது. பையை இறுக்கிக்கொண்டேன்.

"மெத்தை மேல வச்சு ஓட்டறியா?"

"மேஜை மேலதான்."

"திருப்பிக் காட்டு. காத்து போற ஓட்டை எங்க இருக்கோ, அதுக்கு நேரா ஃபேன் வர்ற பேடாத்தான் எடுக்கணும். இல்லேன்னா முதுகு அரிக்குதுன்னு முழங்காலைச் சொறியற கதைதான்."

வேண்டாவெறுப்பாக லேப்டாப்பை வெளியே எடுத்துத் திருப்பினேன். ஓட்டை வரிசை முழுக்கக் கண்ணாடி டேப், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டேப்பின் முனையைப் பார்த்தேன். எப்போதாவது உரிக்க வசதியாக, அது சின்னக் காது போல் மடிக்கப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டு ரிமோட்டில், ஷாம்பூ பாட்டிலில், சர்க்கரை டப்பாவில் அதே காது உண்டு. அப்பா பார்சல் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர்.

"இதை உரிச்சுப் பாரு," என்றார் அண்ணன். "அப்பவும் கொதிச்சா வா. பேடு எங்கயும் ஓடிடாது."

வீட்டில் அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே வாக்குமூலம் கொடுத்தார். "போன மாசம் நீதானே சொன்ன, உள்ள தூசி போனா சூடாகும்னு. போகாம பண்ணேன்."

"காத்தும் போகலையேப்பா."

"ரெண்டுக்கும் ஒரே வழி வச்சவனைக் கேளு."

உரித்துவிட்டு ஓட்டினேன். இருபதாவது நிமிடத்தில் அக்கா வந்து நின்றாள். அப்பாவும் பேப்பரோடு வந்தார். நாற்பதாவது நிமிடத்தில் புராஜெக்ட் முடிந்தது. லேப்டாப் அணையவில்லை.

"மன்னிப்பு எழுத்துல வேணும்," என்றாள் அக்கா. இரண்டாவது முடி பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அப்பா அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டிலிருந்த டேப் சுருள்களையெல்லாம் ஒளித்து வைத்தேன். காலையில் கிளம்பும் முன் லேப்டாப்பின் அடியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பையில் வைத்துவிட்டு ஷூ மாட்டப் போனேன்.

பத்து மணி. "ஆரம்பிக்கலாமா?" என்றார் தேர்வாளர்.

பையை மேஜை மேல் வைத்தேன். ஜிப் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை டேப். ஒரு சுருக்கம் இல்லை. காது இருந்தது, ஒரே இழுப்பில் வந்துவிட்டது.