டைனமோக் கெட்டிமேளம்

கார்த்திகை மழையில் நாதஸ்வரக்காரர் நல்லரத்தினம் விடியுமுன்பே வாவித்துறையில் வந்து நின்றார். அக்கரையில், கொக்கட்டிச்சோலையில், ஒன்பதரைக்குத் தாலிகட்டு. முன்னால் ஆறு உழவு இயந்திரங்கள், எண்ண முடியாத சைக்கிள்கள். கடக்க ஒரேயொரு படகு. சோதனைச்சாவடியில் தோளில் துவக்கு மாட்டிய சிப்பாய்கள் ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துக் கொட்டி அளைந்துகொண்டிருந்தார்கள்.

"சனியன் பிடிச்ச மாரி," என்று அவர் மழையைத் திட்டினார். மழையிடம் துவக்கு இல்லை.

அவர் முறை வந்தபோது மணி ஒன்பது. சிப்பாய் நாதஸ்வரத்தின் துளைகளுக்குள் ஈர்க்குவிட்டுக் குத்திப் பார்த்தான்.

"நீ போ. இது இங்க இருக்கட்டும். திரும்பி வந்து எடு."

வெறுங்கையோடு அவர் கலியாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாயிற்று. இராணுவம் அக்கரைக்குப் பெட்டரி கொண்டுபோகத் தடை போட்டிருந்தது. அதனால் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெண்ணின் மாமன் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த டைனமோ மின்சாரத்தில் ரேடியோப்பெட்டியில் கெசட் பாடியது. போன வருடம் நல்லரத்தினமே வாசித்துப் பதிந்த கெசட். மாமனின் கை தளர்ந்தபோதெல்லாம் கெட்டிமேளம் ஒப்பாரிபோல இழுத்தது.

"நீங்கதான் வாசிச்சீங்க அண்ணன், ஒரு குறையுமில்ல," என்றார் மாமன். பிறகு தோளை நீவிக்கொண்டே சொன்னார்:

"கை உளையுது. பந்தி முடியுமட்டும் கொஞ்சம் சுத்திறீங்களா? உங்கட கை சும்மாதானே இருக்கு."