ஒரு சுவருக்கான பெயின்ட்

டின் விழுந்த சத்தம் சட்டென்று முடிந்துவிட்டது. அதன் மூடி கழன்று, கடை வாசல் வரை உருண்டுபோய், அங்கே சுழன்று சுழன்று அடங்கிய சத்தம்தான் வெகுநேரம் கேட்டது. நான் அப்போது ஒரு சின்ன சிவப்பு பெயின்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, விலை அதிகம் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் என் மகள் நிற்கிறாள். காதில் ஹெட்போன். முதுகுப் பையிலிருந்து பேட்மின்டன் மட்டையின் கைப்பிடி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் காலைச் சுற்றி இளம் மஞ்சளில் ஒரு குளம் பரவிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அவளுக்குப் புயல் என்று பெயர். வைத்தது நான்தான். ஒன்றரை வயதில் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்து, மேலே இருந்த அத்தனையையும் தரைக்குக் கொண்டுவந்த அன்று வைத்தேன். இப்போது பதினைந்து வயது. புயல் வளர்ந்திருக்கிறதே தவிர வலுவிழக்கவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் நான் உட்காரும் இடத்தில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்த வேலையில் பல வருடம் இருந்தால் கால் நம் பேச்சைக் கேட்காது. மகள் சூடான பாத்திரத்தைத் தொடப் போனாலும், அவசரமாகப் படியிறங்கினாலும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அன்றும் மிதித்தேன், டின் விழுந்து முடிந்த பிறகு.

கடைக்காரம்மா கல்லாவைச் சுற்றி ஓடிவந்து முதலில் டின்னை நிமிர்த்தினார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, நகங்களில் எப்போதும் நாலு நிறத்தோடு இருக்கும் அம்மா அவர். "மிச்சம் இருக்கு, மிச்சம் இருக்கு" என்று தனக்கே ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "என்மேலயும் தப்பு. மூடிமேல ஒரு பொட்டு கலர் வச்சுக் காட்டுறதுக்காகத் திறந்தேன். திரும்ப அடிச்சு மூடியிருக்கணும்" என்றார்.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "அதானே மேடம், மூடி இறுக்கமா இருந்திருந்தா விழுந்தாலும் கொட்டியிருக்காதே" என்றேன். என் மகள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நான்தான் தட்டிவிட்டேன்" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. யாராவது அவளை நாலு பேருக்கு முன்னால் திட்டிவிடுவார்களோ, அவள் அங்கேயே குறுகிப்போய் நிற்பாளோ என்ற பயம். பர்ஸை எடுத்தேன். முழு டின்னுக்கும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கடைக்காரம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்தது, வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் காரின் எல் போர்டில் வெளுத்துப்போன எழுத்துக்குப் பூசக் கொஞ்சம் சிவப்பு. அவளுக்கு விளையாட்டு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

"காசு கொடுத்துட்டீங்க, சரி" என்றார் கடைக்காரம்மா. "அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்து நிப்பாரே, அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. டின் அந்த மெக்கானிக்குக்காகக் கலந்து வைத்தது. அவருடைய மனைவி முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை வீட்டுக்கு வருகிறார். ஆஸ்பத்திரிச் சுவர் வெளிறிய பச்சை. வீட்டுப் படுக்கையறையும் அதுவரை அதே வெளிறிய பச்சை. இன்னொரு நாள் அந்தக் கலரைப் பார்த்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார், எழுந்து உட்காரவே முடியாத நிலையில். அவர் ஷேட் கார்டை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்து விரலால் தொட்டுக் காட்டிய நிறம்தான் இப்போது என் மகளின் சாக்ஸில் இருந்தது.

"இன்னொரு டின் கலந்து கொடுத்துடுங்களேன்" என்றேன்.

"கலர் கலக்குற மெஷின்ல மஞ்சள் தீர்ந்துபோச்சு சார். இந்த டின்னோட கடைசி. நாளன்னைக்குத்தான் வரும். வேற கம்பெனி கடையில போட்டா கிட்டத்தட்ட வரும். ஆனா கிட்டத்தட்டதான்."

மகள் ஏற்கெனவே முட்டி போட்டு, கடைக்காரம்மா கொடுத்த பழைய துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கக் குளம் பெரிதானது. நான் குனிந்து, "நேரமாச்சு, வா. மேடம் அவர்கிட்ட பேசிக்குவாங்க" என்றேன். அவள் நிமிராமலே, "நான் இருந்து சொல்லிட்டு வரேன். நீ வேணா கார்ல இரு" என்றாள். என்னைக் கார்ல இரு என்று சொல்கிறாள்! சின்ன வயதில் கார்ல இரு, இதோ வந்துடுறேன் என்று நான் அவளிடம் சொல்லாத நாள் கிடையாது. நான் காரில் போய் உட்காரவில்லை. இன்னொரு துணியை எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வந்தபோது தரை ஓரளவு தரையாகத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய வயது, தோளில் கருவிப் பை, தலைமுடியில் வெள்ளைப் பிரைமர் துளிகள். ஒரு வாரமாக வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சுவராகத் தேய்த்து, பெயின்ட்டுக்கு அடியில் பூசும் அந்தப் பிரைமரை அடித்து முடித்திருக்கிறார். கடைக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் என் மகள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், உங்க பெயின்ட்டை நான் கொட்டிட்டேன். என் பை இடிச்சுது. நான் கவனிக்கல. இன்னொன்னு கலக்க மஞ்சள் இல்லையாம்." மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, மஞ்சள் அப்பிய இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் டின்னை எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "காதுல அதை மாட்டிக்கிட்டுதான் கடைக்குள்ள வருவியா?"

என் கால் தரையை மிதித்தது. வாயும் திறந்துவிட்டது. அதற்குள், "ஆமா, மாட்டியிருந்தேன்" என்றாள் அவள்.

 அவர் பக்கத்தில் இருந்த சுவர்ப் பட்டி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு அவ வந்துடுவா" என்றார், யாரிடமும் சொல்லாமல். அவர் இரைந்திருந்தால் தேவலை. நான் பர்ஸைத் தொட்டேன். அவர் கையை ஆட்டினார். "காசு இல்லீங்க விஷயம். அவ வந்து படுத்துட்டான்னா ரெண்டு மாசம் அந்த ரூம்ல ஒரு பிரஷ்ஷைக் கொண்டுபோக முடியாது."

"மிச்சம் எவ்வளவு வரும் ஆன்ட்டி?" என்று மகள் கடைக்காரம்மாவிடம் கேட்டாள்.

அவர் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். "ஒரு சுவர். சிக்கனமா ரோலர் போட்டா ரெண்டு கோட்டு வரும்."

"அப்ப ஒரு சுவராவது அடிச்சுடலாம் அங்கிள். நான் வந்து அடிச்சுத் தரேன்."

"உனக்கு பெயின்ட் அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்பதை நான் முகத்தாலேயே சொன்னேன்.

மூவரும் என் காரில் போனோம். மகள் பின்சீட்டில், மூடியை அடித்து இறுக்கிய டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் முன்னால், வழக்கமாக நான் உட்காரும் இடத்தில். முதல் திருப்பத்தில் அவர் காலை வசதியாக நீட்டிக்கொண்டார். நேராகப் பிரேக் மேல். கார் நடுத்தெருவில் குதித்து நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி டின்னைத்தான் பார்த்தோம். மகள் கன்னத்தை மூடிமேல் அழுத்தி, கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் காலைத் தூக்கிக்குங்க."

"இங்க எதுக்குய்யா பிரேக்கு?"

"பயத்துக்குத்தான்" என்றாள் பின்சீட்டிலிருந்து என் மகள். மெக்கானிக் சிரிக்கவில்லை. ஆனால் வீடு வரும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அறை சின்னது. நான்கு சுவரும் வெள்ளைப் பிரைமரில் காத்திருந்தன. கட்டிலை நடுவில் இழுத்துப்போட்டுப் பழைய செய்தித்தாள்களை விரித்திருந்தார். ஜன்னலோரம் புதிதாக வாங்கிய ஒரு மடக்கு நாற்காலி. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மனைவி எழுந்து உட்காரும் நாளுக்காக வாங்கியது என்றார்.  என் மனைவி வீட்டில் நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டுமளவுக்கு நன்றாக இருக்கிறாள் என்பதைச் சம்பந்தமே இல்லாமல் நினைத்துக்கொண்டேன்.

எந்தச் சுவர் என்பதில் எங்களுக்குள் பேச்சு வந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவர் என்றார் அவர். வெளிச்சம் விழும் ஜன்னல் சுவர் என்றேன் நான். ஜன்னல் போக அதில் சுவர் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதும் நியாயம்தான்.

"ஆன்ட்டி எப்படிப் படுப்பாங்க?" என்றாள் மகள்.

"தலை இந்தப் பக்கம். மல்லாந்துதான் படுக்கணும். புரளக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, செய்தித்தாள்மேல் தலையை அந்தப் பக்கம் வைத்து மல்லாந்து படுத்தாள். கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டாள். அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் முட்டாள்களைப் போல நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்கிள், இப்படிப் படுத்தா சுவரே தெரியலையே."

நாங்கள் மேலே பார்த்தோம். சீலிங் பழைய சுண்ணாம்பு வெள்ளையில், மின்விசிறியைச் சுற்றி ஒரு கருப்பு வளையத்தோடு இருந்தது. ஒரு வாரம் நான்கு சுவரையும் தேய்த்தவர் அதை ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்.

"மேல யாராவது கலர் அடிப்பாங்களா?" என்றார். "அவ சுவரைத்தான் சொன்னா. நாளைக்கு வந்து, நாலு பக்கமும் வெறும் வெள்ளையா நிக்கிறதைப் பாத்தா..." முடிக்கவில்லை. போனை எடுத்தார், பெயரைத் தட்டினார், மணி அடிக்கத் தொடங்கியதும் என் மகளிடம் நீட்டிவிட்டார். "நீயே கேளு. எனக்கு அவகிட்ட சொல்ல வாய் வராது."

கடையில் அவள் ஒப்புக்கொண்டது வேறு. அங்கே எதிரில் நின்றவர் நடமாடும் மனிதர். நான் கையை நீட்டினேன், போனை நான் வாங்கிக்கொள்வதற்காக. மகள் எழுந்து உட்கார்ந்து, போனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. டின்னைப் பற்றி, பையைப் பற்றி, ஹெட்போனைப் பற்றி, மஞ்சள் தீர்ந்ததைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் சுருக்கவில்லை. பிறகு நெடுநேரம் "ம்" மட்டும் கொட்டினாள். நடுவில் ஒருமுறை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "நீங்க அங்க எதைப் பாத்துட்டுப் படுத்திருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். பதில் வெகுநேரம் வந்தது. கடைசியில் அவளிடமிருந்து ஒரு சின்னச் சிரிப்பு.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கன்னத்தில் ஒரு மஞ்சள் தீற்றல்.

"அங்க மேல ஈரம் பட்ட கறை ஒண்ணு இருக்காம். ஒட்டகம் மாதிரி. இத்தனை நாளா அதையேதான் பாக்கிறாங்களாம். வீட்டுலயும் எதையாவது பாத்துட்டுக் கிடக்கணும்னா, அது இந்தக் கலரா இருக்கட்டும்னாங்க."

"திட்டினாங்களா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ம். நல்லாவே." பிறகு, "உனக்கு இந்தக் கலர் பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. என் சாக்ஸ் முழுக்க அதுதான்னு சொன்னேன்."

வகுப்பு நேரம் முடிந்து, வெயிலும் இறங்கியது. மெக்கானிக் சீலிங்கைத் தேய்த்துத் துடைத்தார், மின்விசிறியைக் கழற்றினார், ரோலரை எப்படி ஒரே பக்கமாக இழுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருமுறை செய்துகாட்டினார். ஏணியில் அவள் ஏறினாள். நான் பிடித்துக்கொண்டேன். என் வேலை அவ்வளவுதான் என்று அவள் மேலேயிருந்து இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். துளிகள் என் வழுக்கையில் விழுந்தன. அவள் எட்டி எட்டிச் சாயும்போதெல்லாம் என் கால் துடித்தது. மிதிக்க ஒன்றும் இல்லாததால் ஏணியின் கீழ்ப்படியில் அதை வைத்து அழுத்திக்கொண்டேன். முதல் கோட்டு காயும்வரை மூவரும் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.  இரண்டாவது கோட்டின் கடைசி இழுப்பில் டின்னைக் கவிழ்த்து வழித்தெடுக்க வேண்டியிருந்தது.

அவள் இறங்கியபோது அறைக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. மெக்கானிக் விளக்கைப் போட்டார். நாங்கள் பார்த்தோம். நன்றாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிற்கிறவர்கள் பார்ப்பதற்கான இடமில்லை அது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினார். தலையை மனைவி வைக்கப்போகும் பக்கம் வைத்து, மல்லாந்து படுத்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டார். செய்தித்தாள் சரசரத்து அடங்கியது. என் மகள் ரோலரைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கண் மட்டும் மெல்ல ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது.

பிறகு ஒரு கையைத் தூக்கி விரலை நீட்டினார்.

"பாப்பா, அங்க ஒரு இடம் விட்டுப்போச்சு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் ரோலரை டின்னின் உட்புறத்தில் சுற்றித் துடைத்து, ஒட்டியிருந்ததை எல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு, நான் பிடித்துக்கொண்ட ஏணியில் மறுபடி ஏறினாள். உச்சிப்படியில் நின்று கையை நீட்டினாள்.

"இங்கயா அங்கிள்?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

அவள் ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலின் நுனிவிரல்களில் நின்று, இடது பக்கம் சாய்ந்தாள்.