செங்கழுகுக் கோட்டுக்குள் இருந்தவர்

1

இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. நான் செய்த காரியம். அதைக் கதையாக்கித் தப்பித்துவிடலாமா என்று ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப் போக நான் என்னை நல்லவனாக எழுதிக்கொள்ளக்கூடும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

2002இல் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். கிளி, ரோஜாப்பூ, மத்தாப்பு பிடித்த குண்டுக் குழந்தை. நான் செய்தவை கல்கத்தா வரைக்கும் போயிருக்கின்றன. தீபாவளி மறுநாள் தெருவில் கிழிந்தும் கிடந்திருக்கின்றன.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஜூன் மாத வெயில் திருத்தங்கல் ரயில்வே கேட்டின் மேல்" (வேண்டாம். எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றாவது வெயில் இல்லாமல் ஆரம்பிக்கட்டும்.)

"மாரிக்கண்ணன் ஒரு சூப்பர் ஹீரோ." (எழுதியதும் எனக்கே கூச்சமாக இருந்தது.)

"இந்தத் துணிக்கு இஸ்திரி போட்டுறாதீக என்றார் கோட்டைத் தைத்த டெய்லர்." இது பரவாயில்லை. இப்படியே வைத்துக்கொள்வோம்.

2

இந்தத் துணிக்கு இஸ்திரி போட்டுறாதீக என்றார் கோட்டைத் தைத்த டெய்லர். பார்க்கத் தோல் மாதிரி இருக்கும், தோல் இல்லை. மேலாகப் பூனை முடி மாதிரி ஒரு மென்மை. கையால் மேலே தடவினால் கறுக்கும், கீழே தடவினால் வெளுக்கும். ஜவுளிக் கடையில் அதற்கு ஸ்வேடு என்று பேர் சொன்னார்கள்.

அந்தச் சமயம் டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஹீரோ பறப்பான், ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான், எத்தனை பேரை அடித்தாலும் கோட்டு மட்டும் கசங்காது. அவனுக்குச் செங்கழுகு என்று பேர் வைத்துக்கொள்வோம். பழுப்புக் கோட்டு,* நெஞ்சில் சிவப்புக் கழுகு. நாக்பூரிலிருந்து வருடா வருடம் ஆர்டர் கொடுக்கிற வியாபாரி ஒருவர், இந்த சீசன் ராக்கெட் பாக்கெட்டில் அவன்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அதற்கு முந்தின வருடம்தான் ஒரு நடிகர் முகத்தை லேபிளில் போட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்கியிருந்தார். ஆகவே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அதே மாதிரி கோட்டு ஒன்றை நாமே தைத்துவிடுவது, வேறு ஆளுக்குப் போட்டுப் படம் எடுப்பது, முகத்தைப் பிறகு மாற்றிக்கொள்வது. டிவியில் கழுகு வலது பக்கம் பார்க்கும், நம்முடையது இடது பக்கம் பார்க்கட்டும். யாராவது கேட்டால் இது வேற கழுகு என்று சொல்லிவிடலாம். அண்ணாச்சிக்கு அந்தக் கழுகில் ரொம்பப் பெருமை.

(* ஜாக்கெட் என்று எழுதினால் நம் ஊரில் வேறு உடுப்பு நினைவுக்கு வரும். அதனால் கோட்டு.)

3

இனி மாரிக்கண்ணன். இவர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. வெடிமருந்து அறையில் ஆள் குறைந்தால் அங்கே, மற்ற நாளில் லோடு வண்டியில் வந்து எங்களிடம் லேபிள் கட்டுகளை ஏற்றிப்போவார். அப்போது முப்பத்திநாலு வயது. நல்ல உயரம், அகலமான தோள். கோட்டு அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் வெகுளியாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அது எனக்குச் சௌகரியமாக இருந்தது தெரிந்தது. ஏமாந்தவர் வெகுளி என்றால் ஏமாற்றியவன் பாரம் பாதியாகிவிடும். அடித்துவிட்டேன். அவர் வெகுளி இல்லை. சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

படம் எடுத்த அன்று கோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. துணியை விரலில் தேய்த்துப் பார்த்து, இது நைலக்ஸ் ஜாதியாச்சே என்றார். பட்டாசு கம்பெனிக்குள் பருத்தியைத் தவிர எதையும் உடுத்த விடமாட்டார்கள். உரசினால் பொறி வரும். கேட்டிலேயே தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினைந்து வருடம் அப்படி இருந்தவருக்கு, அச்சகத்தில் வெடிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கை வரவில்லை. வெளியே குழாயடிக்குப் போய் இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்துதான் போட்டார்.

கழுவி என்ன செய்ய? வெடிமருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் ரேகைக்குள் ஏறினால் சோப்புக்கு வராது. கழுகைச் சரிசெய்கிறேன் என்று நெஞ்சைத் தொட்டவர், அஞ்சு விரலையும் வெள்ளியாகப் பதித்துவிட்டார். ஸ்வேடு துணி அதை அப்படியே பிடித்துக்கொண்டது.

இடுப்பில் கை வைக்கச் சொன்னேன், வைத்தார். வானத்தைப் பார்க்கச் சொன்னேன், சீலிங் ஃபேனைப் பார்த்தார். அண்ணாச்சி உற்சாகத்தில், "ஏலே மாரிக்கண்ணா, தீவாளிக்கு இந்தியா பூரா ஒம் மொகந்தாம்லே" என்றார். வாய்க்கு வந்த பேச்சு. முகத்தை வெட்டப்போகிறோம் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டாவது ஆள் நான். நான் கேமராவை மூடிக்கொண்டிருந்தேன்.

4

மாரிக்கண்ணனுக்கு ஒரே மகள். பேர் செல்வலட்சுமி. ஆறாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நான் என் வேலையைச் செய்தேன். பம்பாயிலிருந்து வந்த சி.டி. ஒன்றில் ஷாம்பு விளம்பரத்துக்கு ஏற்ற முகங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து மாரிக்கண்ணன் கழுத்தில் வைத்தேன். நிறம் சேரவில்லை. கழுத்தையும் கையையும் வெளுத்தேன். நெஞ்சில் இருந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அதற்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. கோட்டு அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று அண்ணாச்சி அதை உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தார்.

(இந்த இடத்தில் கலை பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம் வைப்பதுதான் கதை எழுதுவதும் என்றெல்லாம். நன்றாகத்தான் இருந்தது. மாரிக்கண்ணனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

லேபிள் அச்சாகி, கட்டாகி, மாரிக்கண்ணன் தோளிலேயே ஏறி கம்பெனிக்குப் போனது. அங்கே கட்டைப் பிரித்தபோதுதான் பார்த்திருக்கிறார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அச்சில் கழித்த லேபிள் தாளில்தான் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவார்கள். செப்டம்பரில் செல்வலட்சுமிக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை கணக்கு நோட்டை எடுத்து வைத்தபோது, அட்டையில் செங்கழுகு இருந்தது. வேறு முகத்தோடு.

5

சனிக்கிழமை காலை பதினோரு மணி. அப்பாவும் மகளும் பஸ் பிடித்து அச்சகத்துக்கே வந்துவிட்டார்கள்.

முன்னறையில் அண்ணாச்சிக்கு எதிரே நாக்பூர் வியாபாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடலைப் பம்பாயிலிருந்து வரவழைத்தோம் என்று அண்ணாச்சி அவரிடம் சொல்லிவைத்திருந்தார். லோடுமேனுக்குக் கோட்டு மாட்டி எடுத்த படம் என்று தெரிந்தால் அடுத்த வருட ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விடும். வியாபாரி இருபது வருடமாக வந்துபோகிறவர். தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும்.

மாரிக்கண்ணன் நேரே என் மேஜைக்கு வந்தார். கோபம் இல்லை. "வேற ஒண்ணுமில்ல தம்பி. மொகத்த மட்டுந்தான் மாத்தியிருக்காக, மத்தது அப்பாதான்னு இவகிட்டச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைக கேலி பண்ணுதாம். நீங்க படிச்சவுக, ஒரு வார்த்த சொல்லிருங்க."

செல்வலட்சுமி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரியே ரெட்டைச் சடை பின்னி வந்திருந்தாள். "அந்தக் கோட்டப் போட்டுருக்கது எங்கப்பாவா சார்?"

அண்ணாச்சி டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இல்ல பாப்பா" என்றேன். "அது பம்பாய் மாடல்."

முகம் பம்பாய்தானே, முழுப் பொய் இல்லையே என்று அந்த நிமிடத்திலும் ஒரு கணக்குப் போட்டேன். மாரிக்கண்ணனுக்கு நான் சொன்னது ஏறவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றே நினைத்தார். "கோட்டு உள்ளதான தம்பி தொங்குது. ஒருக்க மாட்டிக் காட்டிருதேன்" என்று உள்ளறைப் பக்கம் ஓர் எட்டு வைத்தார்.

"அது அன்னைக்கே பம்பாய்க்குத் திருப்பி அனுப்பியாச்சு" என்றேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியதால் தெரியவில்லை. மாரிக்கண்ணன் அண்ணாச்சியைப் பார்த்தார், வியாபாரியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தார்.

"அப்பா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி. சார் சொல்றதுதான் சரி."

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இனிமே எங்கிட்ட எதுவுஞ் சொல்லாத" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவர் என்னிடம் தலையாட்டி விடைபெற்றுக்கொண்டு பின்னால் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை தப்பியது என்ற நிம்மதி அதைவிட அதிகமாக இருந்தது. இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் முடிவுகள் நிறைய வந்தன.

ஒரு முடிவில் நான் கோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறேன். பஸ் நகர்கிறது, ஜன்னல் வழியாகக் கோட்டை (இல்லை. நான் ஓடவில்லை. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.)

இன்னொன்றில் செல்வலட்சுமி லேபிளை உற்றுப் பார்த்து, நெஞ்சோரத்தில் நான் அழிக்க மறந்த ஒரு வெள்ளி விரல் தடத்தைக் கண்டுபிடிக்கிறாள். எழுத்தாள நண்பர்கள் இதைத்தான் சிபாரிசு செய்தார்கள். அழகான முடிவு. என்ன செய்வது, நான் வேலையில் சுத்தம். ஒரு தடமும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவதைச் சென்னையில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். சிவகாசிக் கதை என்கிறீர்கள், விபத்தே இல்லையே என்றார். விபத்து நடந்தால் மாரிக்கண்ணனுக்காக நீங்கள் வருத்தப்படுவீர்கள், என்னை மறந்துவிடுவீர்கள். அது எனக்கு லாபம். ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார். ஒரு கதைக்காக அவரைக் கொல்ல எனக்கு மனசில்லை.

7

போன மாதம் பழைய சி.டி.க்களைக் கழிக்கும்போது அந்த அசல் படம் கிடைத்தது. முகம், கறுத்த கழுத்து, நெஞ்சில் அஞ்சு விரல் வெள்ளி, எல்லாம் இருந்தன. பெரிதாக அச்சடித்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் போனேன்.

மாரிக்கண்ணனுக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. வாங்க, சாப்பிட்டீகளா என்றார். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்று சிரித்தார்.

செல்வலட்சுமி விருதுநகரில் ஒரு கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாளாம். அவள் வருகிற வரைக்கும் இருந்து, படத்தைக் காட்டி, அன்றைக்கு நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். ஏழு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. அவர் படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் தம்பி. அப்பன் ஒரு பொய் சொன்னான்னு அவ அதத் தாண்டி வந்துட்டா. இப்ப அதயே சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. நெசம்னு தெரிஞ்சா, அன்னைக்கு எங் கையத் தட்டிவிட்டது அவளுக்கு உறுத்திக்கிட்டே கெடக்கும். பொய்யன்ங்கிற பேரு எனக்கே இருக்கட்டும். பழகிப்போச்சு."

படத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டில் எங்கே ஒளித்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும் என்றார். கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, எழுதுங்க, பேரை மட்டும் மாத்திருங்க என்றார்.

மாற்றிவிட்டேன். மாரிக்கண்ணன் அவர் பேர் இல்லை, செல்வலட்சுமி அவள் பேர் இல்லை. அவர்கள் விஷயத்தில் வேறு எதையும் மாற்றவில்லை. வருடம், வகுப்பு, நோட்டு அட்டை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் வேண்டாம் என்றதையே செய்யப் பார்க்கிறேனோ என்னவோ. என்னை நம்பாதீர்கள் என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அவள் தினமும் விருதுநகருக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். என்றாவது இந்தப் பக்கத்தை நீங்கள் விரித்துவைத்திருக்கும்போது பக்கத்து சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்காரலாம். எட்டிப் பார்த்து இரண்டு வரி படித்துவிட்டு, "எங்கப்பாவும் எங்கிட்ட இப்படித்தான் ஒரு பொய் சொன்னாரு" என்று சிரிக்கலாம்.

அவள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். நான் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.