மாற்றாத எண்ணெய்

தம்பி ஒன்று சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய் வீட்டில் கொண்டுவந்து விடுவது அவள் தொழில். ஆட்டோமேட்டிக் கியர் வேன். வாசலுக்கு வாசல் நின்று நின்று போகிற வண்டி என்பதால் கியர்பெட்டி சீக்கிரம் சூடாகும். 'இதுக்கு ஆயுசுக்கும் எண்ணெய் மாத்த வேண்டாம்' என்றுதான் விற்றவன் சொன்னான். உழைக்கிற வண்டிக்கு அந்தப் பேச்செல்லாம் செல்லாது, தவறாமல் மாற்ற வேண்டும் என்று சொன்னவன் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தம்பி. அதனால் அவ்வப்போது சனிக்கிழமை வேனை அவனிடம் விடுவாள். ஞாயிறு மாலை கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவான்.

"புது எண்ணெய் ஊத்திட்டேன்க்கா. கவலையில்லாம ஓட்டு."

ஒருநாள் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. அடுத்த கணம் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னே ஒரு பேருந்து. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். வேன் குலுங்கி நின்றது.

உள்ளே சக்கர நாற்காலியில் இருந்த தையல்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டே, "சத்தம் மட்டும் போடுது, வேலை நடக்கல. என் மருமகன் மாதிரியே இருக்கும்மா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, வேனைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றியதும் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் தார் மாதிரி வடிந்தது.

"கடைசியா யாரும்மா மாத்தினது?"

"என் தம்பி. நாலு மாசம் முன்னாடி."

மெக்கானிக் கழற்றிய போல்ட்டை எடுத்துக் காட்டினார். "போல்ட்டு மேல கம்பெனியில வெச்ச பெயிண்ட் கோடு அப்படியே இருந்துச்சும்மா. இதுக்கு முன்னாடி யாரும் தொடவே இல்ல. ஆமா, பின்னாடி கொக்கி மாட்டி பாரம் இழுத்தீங்களா? வண்டியோட அடிச்சட்டமே வளைஞ்சிருக்கு."

அவள் நேரே தம்பியிடம் போனாள்.

"என் வேன்ல என்னத்தடா இழுத்த?"

முதலில் மழுப்பினான். அவள் நகரவில்லை. கடைசியில், "ட்ரெய்லர்தான்க்கா. வீடு கட்டிட்டிருந்தேன்ல, கல்லு மணல் ஏத்தினேன். ரெண்டு நாள் சும்மாத்தானே நிக்குதுன்னு..." என்றான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே! எண்ணெயாவது மாத்தியிருக்கக் கூடாதா?"

"ஓடிட்டுத்தானே இருந்துச்சு."

"தையல்காரர் உள்ள இருந்தார்டா. பின்னாடி பஸ்ஸு."

"அதான் ஒண்ணும் ஆகலையே!"

அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. பொய்யைக்கூட விழுங்கியிருப்பாள், இந்த வார்த்தையை முடியவில்லை. அவன் புதுக் கியர்பெட்டி தானே மாட்டித் தருவதாகச் சொன்னான். "நீ அந்த வண்டியத் தொடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் கண் கலங்கித் தெரு மங்கலாகத் தெரிந்தது.

புதுக் கியர்பெட்டியை அந்த மெக்கானிக்கே மாட்டிக் கொடுத்தார். வேன் அதே மேட்டில் மறுபடி ஏறுகிறது. எண்ணெய் மாற்றும் நாளில் அவள் மெக்கானிக் பக்கத்திலேயே நிற்கிறாள். பழசு வடிவதையும் சிவப்பாகப் புதுசு இறங்குவதையும் கண்ணால் பார்க்கிறாள். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

தம்பியின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் அதே வேனில் போனாள். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வாசலில் ஓடிவந்து கையை நீட்டினான்.

"சாவியக் குடுக்கா, நிழல்ல விடறேன்."

"வெயில்லயே நிக்கட்டும்" என்றாள்.